கனத்த முகாம் கத்தி: செய்விக்க முன் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தொழிலால் நான் இயந்திரப் பட்டறை ஒன்றின் வரைவாளன். கொழும்பில் இருந்துகொண்டு, முகாம்களுக்குப் போகும் நண்பர்களுக்காகக் கத்திகளை வரைந்து, கம்மாலையில் பக்கத்தில் நின்று அவற்றைச் செய்வித்து வருகிறேன். முகாம் கத்தி என்று நான் இங்கே சொல்வது, விறகு பிளக்கவும் கிளை தறிக்கவும் கூடாரத்து முளை சீவவும், தேவைப்பட்டால் இரவுச் சமையலுக்கு வெங்காயம் அரியவும் ஒன்றே போதும் என்ற எண்ணத்தோடு செய்யப்படும் கனமான கத்தியை. இவ்வாரம் கேட்கப்பட்டவற்றுக்கு இயன்றவரை விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, எனக்கு ஓர் அடி நீள அலகும் 8 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, உடையவே உடையாத கத்தி வேண்டும். வரைந்து தருவீர்களா?

பதில்: தம்பி, முதலில் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். உருக்கு ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம் நிறை கொண்டது. 30 சென்ரிமீற்றர் நீளமும் 4.5 சென்ரிமீற்றர் அகலமும் 8 மில்லிமீற்றர் தடிப்புமாக ஒரு தகட்டை வெட்டினால், பிடியும், பிடிக்குள் போகும் காம்பும் சேராமலே, வாயை நோக்கிச் சாய்வு தேய்க்க முன்னர் 850 கிராம் வந்துவிடும். அதைக் கால் மணி நேரம் வீசிய பின் மணிக்கட்டு தளர்ந்துவிடும். தளர்ந்த கையில் இருக்கும் கத்தியே காலில் விழுகிறது.

நான் வழமையாக வரைவது 23 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம், பிடியின் அருகே 5.5 மில்லிமீற்றர் தடிப்பு. வெறும் தகடாக இது 400 கிராம் அளவில் இருக்கும். அகலத்தின் முக்கால் பங்குவரை இரு பக்கமும் சாய்வு எடுத்தால் அலகு 250 கிராமாகக் குறையும். காம்புக்கு 130 கிராமும் மரப்பிடிக்கு 70 கிராமும் சேர்த்தால் மொத்தம் 450 கிராம். முதுகுத் தடிப்பை நுனியை நோக்கி 3 மில்லிமீற்றர் வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் இதிலும் சற்று இறங்கும். சமநிலைப் புள்ளி பிடிக்கு முன்னால் இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் விழுந்தால், வீசும்போது அலகு தானாக முன்னே இழுக்கும்; வெங்காயம் அரியும்போது கையை அழுத்தாது.

தடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளையாத்தன்மை தடிப்பின் மூன்றாம் அடுக்கில் கூடும், ஆகவே 5.5 இலிருந்து 8 மில்லிமீற்றருக்குப் போனால் அது மூன்று மடங்காகிவிடும் என்பது உண்மையே. ஆனால் நான் கண்ட கத்திகள் தடிப்புப் போதாமல் உடைந்ததில்லை. கூர்மையான உள்மூலையாலும், செஞ்சூட்டில் எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கும் தோய்ச்சல் பிழைத்ததாலுமே உடைந்தன. மறுபக்கம், தடித்த கத்தி மரத்தில் ஆப்பு மாதிரி இறுகுமே தவிர ஆழமாக வெட்டாது. வாய்க்குச் சற்று மேலே எவ்வளவு மெல்லிதாக இருக்கிறது என்பதுதான் வெட்டைத் தீர்மானிக்கிறது; கனத்த வேலைக்கு அந்த இடத்தில் 0.7 மில்லிமீற்றர் போதும். ஊரில் பாட்டனார் காலத்துக் கொடுவாக்கத்தி இன்னும் வீட்டில் இருந்தால், அதன் முதுகையும் வாயையும் விரலால் தடவிப் பாருங்கள். நான் இங்கே இலக்கங்களில் எழுதியது உங்கள் விரலுக்குப் புரியும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): பஞ்சிகாவத்தையில் பழைய லொறி வில்லுத்தகடு மலிவாகக் கிடைக்கிறது. அதிலேயே செய்யலாமா, அல்லது புதிய உருக்கு வரவழைக்க வேண்டுமா ஐயா?

பதில்: செய்யலாம், நல்ல கத்தி வரும். ஜப்பானிய லொறிகளின் வில்லுத்தகடுகளில் பெரும்பாலும் பாவிக்கப்படும் எஸ்யுபி 9 என்ற உருக்கு, கத்திக்காரர் விரும்பும் 5160 என்ற உருக்குக்கு மிக நெருங்கியது. இரண்டிலும் ஏறக்குறைய 0.6 வீதம் காபனும் ஒரு வீதத்துக்குச் சற்றுக் குறைவான குரோமியமும் உண்டு. அடிபட்டு வளைந்து மீள்வதற்காகவே ஆக்கப்பட்ட உருக்கு என்பதால் கனத்த கத்திக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பல ஆண்டுகள் பாரம் சுமந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். நடுத்துளையின் அயலையும் சுருள்முனைகளையும் தவிர்த்து, துரு ஆழமாகத் தின்னாத பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். மற்றது, கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை நம்பி முழுக் கத்தியையும் செய்துவிடாதீர்கள். விரல் நீளத்தில் ஒரு துண்டை வெட்டிச் செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்த்து, ஆறிய பின் அரத்தால் உரசுங்கள். அரம் கடிக்காமல் கண்ணாடியில் போல வழுக்க வேண்டும். பிறகு அதைக் குறட்டில் இறுக்கி உடைத்து, முறிந்த முகத்தைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறத்தில், பட்டுத்துணியின் மறுபக்கம் போலத் தெரிந்தால் உருக்கும் சூடும் சரி. சீனி கொட்டியது போல மின்னும் மணிகள் தெரிந்தால், சூடு மிஞ்சிவிட்டது.

புதிய உருக்கின் நன்மை, அதில் என்ன இருக்கிறது என்பது எழுத்தில் கிடைப்பது. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி (தெஹிவளை): வீடு கடலுக்குப் பக்கத்தில். இரும்பு எதுவாயினும் ஒரு கிழமையில் துருப்பிடிக்கிறது. துருப்பிடிக்காத உருக்கில் செய்தால் என்ன?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் துருப்பிடிக்காத உருக்குகளைக் கடினமாக்க 1,000 பாகை செல்சியசுக்கு மேல், சூட்டைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மின்னுலை வேண்டும். கரி உலையில் அதைச் செய்ய முடியாது. டி2 போன்ற, துருவை ஓரளவு மட்டும் தாங்கும் உருக்குகள் கூர்மையை நெடுநாள் வைத்திருந்தாலும், தடியால் அடித்து விறகு பிளக்கும்போது வாய் சில்லுச் சில்லாகப் பெயரக்கூடும். ஆகவே நான் வில்லுருக்கையே சொல்வேன். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிதாகப் பூசி, தோலுறைக்குள் போடாமல் வெளியே வையுங்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும். தெஹிவளைக் காற்றில் உறைக்குள் கிடக்கும் கத்தி வெளியே கிடப்பதைவிட விரைவாகக் கெடும். கடும் கோப்பியில் ஓரிரவு ஊற வைத்தால் அலகில் கருஞ்சாம்பல் படலம் ஒன்று படியும். அது செந்துருவை ஓரளவு தாமதப்படுத்தும்.

கேள்வி (மட்டக்குளி): கம்மாலையில் கொடுத்தால் தோய்ச்சல் சரியாக நடந்ததா என்பதை எப்படி அறிவது? உங்களுக்கு எப்போதாவது பிழைத்திருக்கிறதா?

பதில்: பிழைத்திருக்கிறது; அதைச் சொன்னால்தான் இந்தப் பதிலுக்குப் பொருள் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்காக வரைந்த கத்தியில், அலகு முடிந்து காம்பு தொடங்கும் இடத்தைத் தாளில் அழகாகத் தெரியட்டும் என்று மட்டமான செங்கோண மூலையாக வரைந்துவிட்டேன். கொல்லர் வரைந்தபடியே அரத்தால் வெட்டினார். புத்தளம் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் முகாமிட்டிருந்தபோது, பாலை மரத்துண்டு ஒன்றில் அதை வைத்துத் தடியால் மூன்றாம் முறை அடித்ததும் பிடி நண்பரின் கையில் நின்றது, அலகு மரத்தில் நின்றது. அலகு தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

முறிந்த முகத்தை அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பெரும்பகுதி புதிய, வெளிர்சாம்பல் முறிவு. ஆனால் அந்த மூலையிலிருந்து உள்ளே, நகக்கண் அளவில் ஒரு பிறைவடிவம் கறுத்திருந்தது. புதிதாக முறிந்த உருக்கு கறுத்திருக்காது. எண்ணெயில் தோய்த்த கணத்திலேயே அந்த மூலையில் வெடிப்பு விழுந்து, பின்னர் கடினத்தைச் சற்றுத் தணிக்க மீண்டும் சூடாக்கிப் பதம் இறக்கும்போது அதன் முகம் கறுத்து, எங்களுக்குத் தெரியாமலே உள்ளே இருந்திருக்கிறது. பிழை கொல்லருடையது அல்ல, என் கோட்டினுடையது. அன்றிலிருந்து என் வரைவுகளில் எந்த உள்மூலையும் 3 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறையாமல் வளைந்தே இருக்கும். காம்பும் பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் போகும்.

இனிச் சூட்டுக்கு வருவோம். உருக்கு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். உடைந்த ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டால் அந்தக் கணத்தை அறியலாம். அதற்கு மேலும் சற்று ஏற்றி, 830 பாகை அளவில் சில நிமிடங்கள் சீராக வைத்து, 50 அல்லது 60 பாகைக்கு முன்கூட்டியே சூடாக்கிய எண்ணெயில் தோய்க்க வேண்டும். வில்லுருக்கைத் தண்ணீரில் தோய்க்க விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் செஞ்சூட்டின் நிறம் கண்ணை ஏமாற்றும். ஆகவே பொழுதுபட்ட பிறகு வருவதாகக் கொல்லரிடம் சொல்லி, கூடவே நில்லுங்கள். தோய்த்த கத்தி கண்ணாடி போல முறியக்கூடியது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், தாமதிக்காமல், வீட்டு மின்சார அவணில் 200 பாகையில் இரண்டு மணி நேரமாக இருமுறை வைத்தால் கடினத்தைக் குறிக்கும் றொக்வெல் அளவில் 57, 58 அளவுக்குப் பதம் இறங்கும். அவணின் முகப்பு இலக்கத்தை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வையுங்கள். இதற்குப் பிறகு சாணையில் தேய்க்கும்போது வாயில் நீலநிறம் படர்ந்தால் அந்த இடம் 300 பாகை அளவைத் தொட்டு மென்மையாகிவிட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்குவதைவிட வேறு வழியில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி): முதுகில் வாள்பற்கள் வைக்கலாமா? முதுகால் தேங்காய் உடைக்கலாமா?

பதில்: தேங்காய் தாராளமாக உடைக்கலாம். முதுகை அதற்காகவே மட்டமாக விட்டு, விளிம்பை மட்டும் இலேசாக மழுக்கச் சொல்லுங்கள். பற்கள் வேண்டாம். அவை மரத்தை அறுக்காமல் கிழிக்கும், அடிக்கும் தடியைத் தின்றுவிடும். ஒவ்வொரு பல்லின் அடியும் நான் மேலே சொன்ன கூர்மையான உள்மூலையே. அறுக்க வேண்டுமென்றால் மடக்குவாள் ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): நான் சாரணியர் குழுவொன்றின் பொறுப்பாசிரியை. என் கை சிறியது. கடையில் வாங்கிய கத்திகள் எல்லாம் ஈரக்கையில் சுழலுகின்றன. பிடியை எப்படி வரைவது?

பதில்: ரீச்சர், சுழலுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடி உருண்டையாக இருப்பதுதான். குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்க வேண்டும். அப்போது வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இருட்டிலும் கைக்குத் தெரியும். பெரிய கைக்கு 32க்கு 24 மில்லிமீற்றர் வரைவேன். உங்களுக்கு 27க்கு 20 இலிருந்து தொடங்கலாம். நீளத்துக்கு, நான்கு விரலையும் மூடியபோது உள்ளங்கையின் அகலத்தை அளந்து அதோடு 3 சென்ரிமீற்றர் சேருங்கள். பின்முனை கீழ்நோக்கிக் கிளிமூக்குப் போல வளைந்திருந்தால், வீசும்போது சின்னவிரல் அதில் தடுக்கி நிற்கும்.

மரத்துக்குத் தேக்கு இலேசாக இருக்கும், ஆனால் அடிபட்டால் பள்ளம் விழும். தளபாடப் பட்டறையில் கழித்துவிட்ட முதிரைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். இறுக்கமான மரம், மினுக்கினால் பொன்னிறம் வரும். ஆனால் வார்னிஷ் பூசி மினுக்க வேண்டாம். எண்ணெய் மட்டும் ஊட்டிய மரம் வியர்வையில் வழுக்காது. வேலையைத் தொடங்க முன், சலவைச் சவர்க்காரக் கட்டியில் உங்கள் பிடியைச் செதுக்கி, கையை நனைத்துப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி (கல்கிசை): கத்தியைக் குறட்டில் வைத்து 90 பாகை வளைத்தும் உடையாத பரீட்சையைப் பார்த்தேன். என் கத்தியையும் அப்படிச் சோதிக்கலாமா?

பதில்: அது 1976 இல் பில் மொரன் தொடக்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தின் பரீட்சை. தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டி, சட்டப்பலகையை இருமுறை தறித்து, அதன் பிறகும் மயிர் மழிக்கும் கூர் இருப்பதைக் காட்டி, கடைசியில் அலகை வளைத்துக் காட்ட வேண்டும். கொல்லரின் கைத்திறனை அறிய அது நல்ல வழி. ஆனால் கத்தி அதோடு முடிந்துவிடும். நீங்கள் ஒரு பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சாய்வாக வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள். வாய் மயிரிழை வளைந்து திரும்பினால் பதம் சரி. வளைந்தபடி நின்றால் மென்மை, பெயர்ந்தால் அதிகக் கடினம். பிறகு இறப்பர் விறகு ஒரு கட்டைப் பிளந்துவிட்டு மீண்டும் வாயைப் பாருங்கள்.

கேள்வி (வத்தளை): வில்பத்துவுக்குக் கொண்டு போகலாமா?

பதில்: தேசியப் பூங்காவுக்குள் மரஞ்செடிகளை வெட்டுவது 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம், பட்ட கிளையாயினும் தொடாதீர்கள். விறகை வெளியே விலைக்கு வாங்கிச் செல்லுங்கள். பேருந்தில் கத்தியை இடுப்பில் கட்டாமல், உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மீண்டும் முதல் தம்பி): அண்ணா, சரி, 23 சென்ரிமீற்றரே போதும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: காட்போட் மட்டையிலிருந்து. முழு அளவில் வரைந்து வெட்டி, அதை ஒட்டுப்பலகையில் பதித்து அறுத்து, பிடிக்கும் உரிய தடிப்புக் கொடுத்து, முன்பாதியில் ஈயத்தகடு சுற்றி 450 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கிழமை அதைக் கையில் வைத்து வீசி, எந்த விரல் நோகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பலகைக் கத்தியோடு வாருங்கள். வாயின் கோணத்தைப் பக்கத்துக்கு 20 பாகையா 25 பாகையா வைப்பது என்பதை அப்போது முடிவு செய்வோம்.