யாருக்காக அந்தப் பதினான்கு இடங்கள்?

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் அக்காவின் வற்புறுத்தலால் மனைவி, பதினேழு வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா ஆகியோருடன் ஏழு நாள் அங்கே செல்கிறேன். விமானச் சீட்டு சேமிப்பிலிருந்து எடுத்தாயிற்று. தங்குவது அக்கா வீட்டில். ஆனால் வீட்டில் எவருக்கும் போக மனமில்லை. மகன் முகம் சுளித்ததால் லண்டன் ஐ ராட்டினத்தைச் சேர்த்தேன். மனைவி பேசாமல் இருந்ததால் தேம்ஸ் படகைச் சேர்த்தேன். அக்கா அனுப்பிய பட்டியலோடு பதினான்கு இடங்கள் ஆகிவிட்டன. நால்வருக்கும் ஐந்து நாள் சுற்றுலா பாஸ் (ஒரே கட்டணத்தில் பல இடங்களுக்கு நுழைவு) வாங்க டாப்-அப் கடன், அதாவது பழைய கடன் பாக்கியோடு புதுத் தொகையையும் சேர்த்துத் தரும் கடன், கேட்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பயணக் கடனில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. புதிய கடன் 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கடன் தொகை கணக்கில் விழுவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. வீட்டில் ஒருவர் முகம் வாடும்போதெல்லாம் கட்டணம் உள்ள ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்; அந்தச் செலவைக் கடனில் ஏற்றுகிறீர்கள். உங்கள் மனைவி பேசாமல் இருந்தது படகு வேண்டும் என்பதற்காகவா, பழைய கடன் தீரவில்லையே என்பதற்காகவா? அதை அவரிடம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

டாப்-அப் என்ற பெயர் இனிமையாக இருப்பதாலேயே பலர் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். தவணை 100 என்று வைத்துக்கொண்டால் பழைய கடனுக்கு இன்னும் 800 கட்டினால் போதும், எட்டு மாதத்தில் விடுதலை. அந்தப் பாக்கி அசலைப் புதிய கடனுக்குள் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு இழுத்தால், அதே வட்டியில் ஏறத்தாழ 935 கட்ட வேண்டிவரும். எப்போதோ முடிந்துபோன ஒரு பயணத்தின் கடனை இன்னும் முப்பத்தாறு மாதங்கள் சுமப்பீர்கள்.

இனி பாஸ். ஒருவருக்கான பாஸ் சுமார் ஆறு நுழைவுக் கட்டணங்களுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கு 24. இவர்களில் யார் எதை உண்மையில் பார்ப்பார்கள்? லண்டன் கோபுரக் கோட்டைக்கு நால்வரும், படகில் அம்மாவும் மனைவியும், வெம்ப்ளி கால்பந்து மைதானத்துக்கு நீங்களும் மகனும் என்று வைத்தால் மொத்தம் எட்டு நுழைவுகள்தான். மீதிப் பதினாறும் கடனில் வாங்கப்படுவதால், வட்டியோடு ஏறக்குறைய இருபது நுழைவுக் கட்டணத்தை நீங்கள் மிதிக்காத வாசல்களுக்குக் கொடுப்பீர்கள். முழங்கால் வலியுள்ள ஒருவரை, பாஸ் வீணாகிவிடுமே என்று ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு நடக்கவைப்பது பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

போக மனமில்லாத குடும்பத்துக்கு லண்டனைப் போல் வசதியான ஊர் குறைவு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை; சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே சீட்டு. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் தலைக்கு மேல் தொங்கும் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை, அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்க்கலாம். மகனுக்கு அரை மணி நேரத்தில் சலித்தால் பக்கத்திலேயே இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அவன் போகட்டும். காசு கொடுக்காத இடத்திலிருந்து பாதியில் வெளியே வரும்போது எவருக்கும் மனம் உறுத்தாது, சண்டையும் வராது. ஆகவே ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம் மட்டும் முடிவு செய்து, பிற்பகலை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கட்டணமுள்ள அந்த எட்டு நுழைவுகளுக்கும் ரொக்கத்திலிருந்து கொடுங்கள். கையில் உள்ள பணம் எட்டுக்குப் போதாவிட்டால் ஆறாகக் குறையுங்கள்.

போக்குவரத்துக்கும் தனி பாஸ் தேவையில்லை. லண்டன் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையை அங்குள்ள இயந்திரத்தில் தொட்டுப் பயணித்தால், நாளொன்றுக்கு உரிய உச்சவரம்பை எட்டியபின் மேற்கொண்டு பணம் பிடிக்க மாட்டார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிக்கிறதா என்று மட்டும் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் அட்டை இயந்திரம் பவுண்டிலா, உங்கள் நாட்டு நாணயத்திலா என்று கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது. ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று இப்போது பரவிவரும் திட்டங்களும் கடன்தான். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அக்காவிடம் இன்றே பேசிவிடுங்கள். “வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்பது அவருடைய பாசம்; தவணை கட்டப்போவது நீங்கள். “அம்மாவால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் முடியும் அக்கா, மீதி நேரம் உங்கள் வீட்டில் இருக்கத்தான் வருகிறோம்” என்று சொல்லுங்கள். அதற்கு முன் அந்தப் பட்டியலை மனைவியிடம் கொடுத்து, அவர் பார்க்க விரும்பாத இடங்களை அடித்துத் தரச் சொல்லுங்கள்.