தவிட்டுப்பழச் செடியை வேலியோரம் வளர்க்க முடியுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. வேலியோரம் தவிட்டுப்பழச் செடி வைக்க ஆசை. மேட்டுப் புல்வெளியிலிருந்து இரண்டு செடிகளைத் தோண்டி வந்து, புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சாணியுரம் போட்டு நட்டோம். ஒன்று காய்ந்துவிட்டது. மற்றதில் கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. நர்சரிகளில் கன்று கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். நீலகிரிச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மண்ணில் அமிலத்தன்மை இருந்தால்தான் வேரால் அதை எடுக்க முடியும். புதுச் சிமெண்டுத் தொட்டியை ஒட்டிய மண்ணில் சுண்ணாம்பு இறங்கி அந்த அமிலத்தை முறித்திருக்கும். தேயிலைக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடி தூவினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். புது இலை பச்சையாக வந்தால் காரணம் உறுதி. ஆனால் இது தற்காலிக மருந்துதான். மழை பிடித்ததும் வேர்மண் உதிராமல் எடுத்து, தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள்.

தாவரவியலில் ரோடோமிர்டஸ் டொமென்டோசா எனப்படும் இந்தச் செடி கொய்யா, நாவல் குடும்பம். மேல்மலையில் சோலைக்குள் இருட்டில் இதைப் பார்க்க முடியாது. சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பு, காற்றடிக்கும் சரிவு, பாறை இடுக்கு, இவைதான் இதன் இடம். பக்கத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் நிற்கும். கோடையில் ரோஜா நிறத்தில் மலர்ந்து வெளுத்துப்போகும் பூ என்பதால், ஒரே செடியில் இரண்டு நிறம் தெரியும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு போலிருக்கும். இது வளரும் புல்வெளி ஓரங்களை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சீகை எனப்படும் வாட்டில் மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வளைத்துக்கொண்டன. நிழல் விழுந்தால் இது பூப்பதும் குறையும். உங்கள் வேலியோரம் சில்வர் ஓக் நிழல் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். நிழல் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

காய்ந்த செடியைப் பற்றி: வளர்ந்த புதரைத் தோண்டும்போது நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும், கையோடு வருவது கட்டை வேர்தான். இனிமேல் தோண்டாதீர்கள். ஒதுக்கப்பட்ட காடாக இருந்தால் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அது குற்றமும்கூட. புல்வெளியில் மிச்சமிருப்பதையும் நாமே பிடுங்கினால் அப்புறம் என்ன இருக்கும்?

விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது. கருநீலமாகிக் கையில் நசுங்கும் பழமாக நாலைந்து போதும், ஒவ்வொன்றிலும் பொடி விதைகள் ஏராளம். தண்ணீரில் பிசைந்து சதையை அலசி, நிழலில் உலர்த்துங்கள். தேயிலைக் கன்றுக்குப் பைகளில் நிரப்புகிற மேட்டு மண்ணோடு கொஞ்சம் மணல் கலந்து தட்டில் பரப்பி, மேலே தூவி, மூடியும் மூடாமலும் மெல்லியதாக மண் போடுங்கள். ஆழமாகப் போனால் முளைக்காது. பூவாளியில் ஊற்றினால் விதை அடித்துப்போகும், தெளிப்பான்தான் சரி. முளைப்பு மெதுவாகத்தான் வரும், தட்டைக் கொட்டிவிடாதீர்கள். பூவைப் பார்க்கவும் சில வருடம் ஆகும். கன்று கையகலம் வந்ததும் பைக்கு மாற்றி, வேர் நிறைந்த பிறகு ஜூனில் நடலாம். கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான் என்பதால், நட்ட கன்றுக்கு ஜூன் முதல் அதுவரை ஈரம் காட்ட வேண்டும். சாணியுரம் தேவையில்லை. தேயிலைக்கு மண் பரிசோதித்த சீட்டு இருந்தால் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பாருங்கள். தேயிலைக்கு ஏற்ற 4.5 முதல் 5.5 வரை இருந்தால் இதற்கும் போதும்.

வேலி என்றீர்கள். முள் கிடையாது, காட்டெருமையை இது நிறுத்தாது. அழகுக்கும் பழத்துக்கும் வைக்கலாம், அவ்வளவுதான். பறவைகள் விதையைப் பரப்பிவிடும். இங்கே அது நல்லதே, ஆனால் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இதே செடி ஒழிக்கவேண்டிய களை. அங்கே உறவினர் யாராவது விதை கேட்டால் அனுப்பாதீர்கள்.

கோத்தகிரியில் கரடி நடமாட்டம் உங்களுக்கே தெரியும். பழுத்த பழத்தை அது விட்டுவைக்காது. அதனால் வாசலுக்கும், குழந்தைகள் போகிற நடைபாதைக்கும் அருகில் வேண்டாம், தோட்டத்தின் வெளி ஓரத்திலேயே நடுங்கள்.