ஷட்டவுன் செய்தும் மவுஸ் விளக்கு எரிகிறதா?

கேள்வி: கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் மவுஸ், கீபோர்டு விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. ஏதாவது பழுதா?

பழுது இல்லை. 1995இல் ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு, பவர் சப்ளை வடிவமைப்பு வந்ததிலிருந்து முன்பக்கப் பொத்தான் கரண்டை வெட்டுவதில்லை. மதர்போர்டுக்கு 'எழுந்திரு' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதைக் கேட்க மதர்போர்டு அரைத்தூக்கத்திலாவது இருக்க வேண்டுமே! அதற்காக எஸ்.எம்.பி.எஸ். எனும் பவர் சப்ளை பெட்டியிலிருந்து ஊதா நிற வயரில் 5 வோல்ட் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். யுஎஸ்பி போர்ட்டுக்குப் போவதும் அதுவே.

நிறுத்த வேண்டுமானால், ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். பவர் தொடர்பான பகுதியில் 'இஆர்பி' (ErP) என்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன விதியின் பெயர் அது. அதை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். 'எஸ்5' (முழு ஷட்டவுன்), 'எஸ்4+எஸ்5' என இரண்டு தேர்வுகள் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். விண்டோஸைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருக்கும்போது ஷட்டவுன் பாதி ஹைபர்னேட்தான் (நிலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைவது), அதாவது எஸ்4. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: இஆர்பி போட்டபின் நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை ஆன் செய்ய முடியவில்லையே?

முடியாது. நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேனுக்கும் அதே 5 வோல்ட்தான் சோறு. அந்த வசதி வேண்டுமென்றால் இஆர்பியை எடுத்துவிட்டு, மவுஸ் மேல் ஒரு கைக்குட்டையைப் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் பில் ஏறுமா?

ஒரு வாட் என்றே வைப்போம். தினம் 12 மணி நேரம் என்றால் மாதம் 0.36 யூனிட். பயம் வேண்டாம்.

கேள்வி: சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடலாமா?

தாராளமாக, கம்ப்யூட்டரின் ஃபேன் நின்றபின் அணையுங்கள். ஆனால் அதன்பின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி மட்டுமே. அது கொஞ்சம் சீக்கிரம் தீரும். ரேம் மாற்ற கேபினட்டைத் திறப்பவர்கள் கட்டாயம் அணைக்கவே வேண்டும். அணைத்தபின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரண்டும் வடிந்துவிடும்.

கேள்வி: என்னுடையது லேப்டாப். அதிலும் மவுஸ் எரிகிறது.

மின்னல் குறி போட்ட போர்ட்டில் செருகியிருப்பீர்கள். லேப்டாப் அணைந்த பிறகும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வைத்த போர்ட் அது. பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.