11 மெகாபைட்டில் முட்டி நிற்கும் நாஸ்

கேள்வி: வீட்டு நாஸ் (NAS, நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப்) பெட்டிக்குக் கோப்புகளை அனுப்பும்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. பெட்டி, கணினி இரண்டிலும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட். ரவுட்டர் வழியாகக் கேபிளில்தான் இணைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் பழுதா?

பதில்: டிஸ்க்கை விட்டுவிடுங்கள். 11 என்ற எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது: எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், தகவல் பொட்டலங்களின் தலைப்புச் செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். கிகாபிட்டுக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு 4 போதும். ஒரு கம்பி அறுந்தாலோ கிரிம்ப் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடம்) தளர்ந்தாலோ கருவிகள் சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். இணையம் வழக்கம்போல் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

விண்டோஸின் ஈதர்நெட் அமைப்பிலும் நாஸின் நிர்வாகப் பக்கத்திலும் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100 காட்டும் பக்கத்துக் கேபிளைக் கழற்றி, கேட் 5இ அல்லது கேட் 6 (Cat 5e, Cat 6) ரகக் கேபிள் போடுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ரவுட்டரின் போர்ட்தான் 100 மெகாபிட். ரவுட்டரை மாற்ற வேண்டாம். கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றில் கணினியையும் நாஸையும் செருகி, அதிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள் போதும்.

சோதனைக்குப் பெரிய வீடியோ ஒன்றை அனுப்புங்கள்; நொடிக்கு 110 மெகாபைட்டை ஒட்டி ஓட வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் எப்போதுமே மெதுவாகத்தான் போகும், ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து மூட வேண்டியிருப்பதால்.