பச்சைப் புள்ளி, வெள்ளை வட்டம், வெளிறின படம்: அண்ணாச்சி பதில்கள்

ஆனித் தேரோட்டம் முடிஞ்ச கையோட குவிஞ்ச கேள்விகள். பதில் சொல்லுதவர் பாளையங்கோட்டையில கல்யாணப் படமும் கேமரா சர்வீஸும் பாக்குற அண்ணாச்சி.

திருநெல்வேலி டவுன்: ரதவீதியில எதிர்வெயில்ல தேரை எடுத்தேன். படமே வெளுத்துப்போச்சு, குறுக்க வரிசையா அறுகோணம் வேற. லென்ஸ் போச்சா அண்ணாச்சி?

லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. சூரியன் படத்துக்குள்ள வரணும்னு இல்ல, முன்கண்ணாடியில வெயில் பட்டாலே போதும். கோட்டிங், அதாவது ஒளி திரும்பாம இருக்கப் பூசுற மெல்லிய பூச்சு, அது இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்புலயும் நூத்துக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிரும். ஜூம் லென்ஸுக்குள்ள பத்துப் பதினஞ்சு கண்ணாடி கிடக்கு, கணக்குப் போட்டுக்கோங்க. 1935-ல ஜெர்மனியில லென்ஸ் செய்யுற சைஸ் (Zeiss) கம்பெனியில ஸ்மகூலாங்கிறவரு இந்தக் கோட்டிங் போடுற வழியைக் கண்டுபிடிச்சாரு. இப்போ வார நல்ல கோட்டிங்ல அந்த நாலு பங்கு அரைப் பங்குக்கும் கீழ இறங்கிரும். ஆனா மிச்சம் இருக்குலா? அது உள்ளுக்குள்ளயே முட்டி மோதி, படம் முழுக்கப் பரவினா வெளிறும், ஒரு இடத்துல சேர்ந்தா வட்டமா விழும். அறுகோணம்னா உங்க லென்ஸோட அப்பர்ச்சர்ல, அதாவது ஒளி நுழையுற ஓட்டையில, ஆறு தகடு. அந்த ஓட்டையோட உருவம்தான் அது.

ஹூட் போடுங்க, லென்ஸ் முன்னால மாட்டுற மறைப்பு. போட்டும் வெயில் பட்டா, கூட வந்தவங்கள குடை பிடிக்கச் சொல்லுங்க. நிழல் கண்ணாடி முழுக்க விழணும், குடை படத்துக்குள்ள வரக்கூடாது. ஆனி மாசம் குடைக்கா பஞ்சம்? இன்னொண்ணு, லென்ஸை வேட்டி நுனியால துடைக்காதீங்க. தேர்ப் புழுதியில மணல் இருக்கும், கோட்டிங்ல கீறல் விழுந்துரும்.

மேலப்பாளையம்: கல்யாண மண்டபத்துல போன்ல எடுத்தா பச்சைப் புள்ளி மிதக்கு.

மண்டபத்துல எரியுற பல்போட பிம்பம் அது. படத்தோட நடுவுல ஒரு புள்ளியை வச்சுக்கோங்க. பல்பு மேல் இடது மூலையில இருந்தா, பச்சைப் புள்ளி கீழ் வலது மூலையில, அதே தூரத்துல நிக்கும். போனோட மூடு கண்ணாடியைக் கழட்ட முடியாது. அதனால போனைக் கொஞ்சம் சாச்சு, புள்ளி வெளிச்சமான இடத்துல விழுற மாதிரி வையுங்க. பல்பு நட்ட நடுவுல வந்தா புள்ளி அதுமேலயே விழுந்து மறைஞ்சிரும். முதல்ல கண்ணாடியைத் துடைங்க, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால. சட்டையால இல்ல.

வள்ளியூர்: சுடலைமாடன் கொடையில சாமியாடியைச் சுத்தி வெள்ளை வட்டமா வந்திருக்கு. ஊர்ல எல்லாரும் சாமி இறங்குனதுங்காங்க.

சாமி இறங்குனதைப் பத்தி நான் பேச வரலை. ஆனா இந்த வட்டம் திருநீறு. சாமியாடி அள்ளி வீசுறாரு, காத்துல பறக்குற தூள் லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால நிக்கு. ஃபிளாஷும் லென்ஸை ஒட்டியே இருக்கதால அந்தத் தூள் ஒளியை நேரா லென்ஸுக்கே திருப்பி அடிக்கு. ஃபோகஸ் அங்க இல்லாததால வட்டமா ஊதிப்போகுது. மழைத் துளி, பந்தல் தூசி, கொசு எல்லாமே அப்படித்தான் விழும். அதே இடத்துல ஃபிளாஷை அணைச்சு ஒண்ணு எடுங்க.

விக்கிரமசிங்கபுரம்: மாஞ்சோலையில 30 விநாடி வச்சு நட்சத்திரம் எடுத்தேன். சிவப்பும் நீலமுமாப் புள்ளிகள், எல்லாப் படத்துலயும் ஒரே இடம்.

படத்தைப் பதியுற சென்சார்ல உள்ள சில பிக்சல் ஒளி படாமலே தானா மின்னும். சூடு கூடக் கூட அதுவும் கூடும். மெனுவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போடுங்க. ஷட்டரை மூடி இன்னொரு 30 விநாடி எடுத்து அதுவே கழிச்சுக்கும். காத்திருங்க, கேமரா தொங்கிப்போச்சுன்னு பேட்டரியைப் பிடுங்காதீங்க.

நாங்குநேரி: வீட்டு சிசிடிவியில ராத்திரி வெள்ளைக் கோடு ஆடுது.

போட்டுக் குடுத்தவரைக் கேளுங்க. அதுக்கு முந்தி, கேமராவுல சிலந்தி வலை இருக்கான்னு பாருங்க.

உவரி: லென்ஸ் முன்னால யூவி ஃபில்டர் கண்ணாடி போட்ட பிறகுதான் ராத்திரி விளக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.

கழட்டி ஒண்ணு எடுங்க, போயிரும். சென்சார்ல பட்ட ஒளி திரும்பி வந்து ஃபில்டரோட தட்டைப் பரப்புல மோதி மறுபடி உள்ள போகும். அதனால ஒவ்வொரு விளக்கும் தலைகீழா இன்னொரு தடவை தெரியும்.

வண்ணார்பேட்டை: அண்ணாச்சி, இதை ஒத்துக்க மாட்டேன். தேரடியில சூறைத் தேங்காய்ச் சில்லு பறந்து என் ஃபில்டர்தான் உடைஞ்சுது, லென்ஸ் தப்பிச்சுது. கழட்டச் சொல்லுதீங்களே!

கழட்டுன்னு சொன்னது ராத்திரிக்கு, வே. தேரடிக்குப் போட்டுக்கோங்க. உவரிக் கடற்கரை உப்புச் சாரலுக்கும் போட்டுக்கோங்க.

வண்ணார்பேட்டை: விலை கூடின ஃபில்டர் வாங்கினா ராத்திரியிலயும் பிரச்சினை இல்லைங்காங்க.

குறையும். சீரியல் செட் தோரணத்துக்கு முன்னால நின்னா நல்ல ஃபில்டர்லயும் பேய், அதான் அந்த ரெண்டாவது விளக்கு, வரும். ஃபில்டரோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு படம் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

களக்காடு: ஹூடே காப்பாத்தும், ஃபில்டர் வியாபாரத் தந்திரம்.

இவரு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். ஹூட் முட்டுனா தாங்கும், பறந்து வார சில்லைத் தாங்காது. கூந்தன்குளத்துப் பறவைக்கு ஹூட் போதும், தேரடிக்கு ரெண்டும். இதுக்கு மேல ஃபில்டர் கேள்வி வேண்டாம்.

அம்பாசமுத்திரம்: பழைய லென்ஸ், எப்ப எடுத்தாலும் வெளிறுது.

ரெண்டு மூடியையும் கழட்டி, பின்னால இருந்து டார்ச் அடிச்சு முன்னால சரிவாப் பாருங்க. வேர் மாதிரி நூல் ஓடுனா பூஞ்சை. நீங்களே திறக்காதீங்க, கடையில குடுங்க. மத்த லென்ஸையெல்லாம் சிலிக்கா ஜெல் போட்டு காத்துப் போகாத டப்பாவுல வையுங்க. பீரோ வேண்டாம், மழைக்காலத்துல அதுக்குள்ளயும் ஈரம் ஏறும்.

பணகுடி: காத்தாலைக் காத்தாடிக்குப் பின்னால சூரியன் நட்சத்திரமா வரணும்.

வெளிச்சம் பட்டு வார இந்தக் கோளாறுக்குப் பேரு ஃபிளேர், இது ஆசைப்பட்டு வரவழைக்கிற ஃபிளேர்! அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 16 வையுங்க, சூரியனை இறக்கையோட ஓரத்துல பாதி மறைங்க. தகடு எட்டுன்னா எட்டு கதிர், ஒன்பதுன்னா பதினெட்டு. வியூஃபைண்டர் வழியா சூரியனை உத்துப் பாக்காதீங்க.

கல்லிடைக்குறிச்சி: கச்சேரி மேடையில லேசர் அடிச்ச பிறகு வீடியோவுல ஒரு கோடு நிலையா நிக்கு.

சென்சார் எரிஞ்சிருக்கு. துடைச்சாலும் போகாது, சென்சாரையே மாத்தணும். மேடையில லேசர் இருந்தா லென்ஸை அந்தப் பக்கம் காட்டாதீங்க.

சேரன்மகாதேவி: அண்ணாச்சி, என் போன்ல பச்சைப் புள்ளி...

மேலப்பாளையத்துக்குச் சொன்னதைப் படிங்க.

ராதாபுரம்: அண்ணாச்சி, ஃபில்டர்...

ஏலே!