நிஜக் கருவியைப் போல் இயங்கும் சிமுலேட்டரில் பயிற்சி முடித்த ராணுவ வீரர்கள் கருத்துப் படிவத்தில் போடும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

பயிற்சியில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள நன்றாகவே நம்பலாம். வீரர் கற்றுக்கொண்டார் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினால் நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்கப் பயிற்சித் துறை அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார். பயிற்சி பெற்றவர் என்ன நினைக்கிறார் என்பது முதல் படி. அப்புறம் கற்றல், வேலையில் தெரியும் மாற்றம், கடைசியாக விளைவு. முதல் படிக்கு ஒரு தாள் போதும் என்பதால் பல இடங்களில் மதிப்பீடு அங்கேயே நின்றுவிடுகிறது. 1997இல் உளவியலாளர் ஜார்ஜ் அல்லிகர் குழுவினர் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 'பிடித்திருந்தது' என்ற பதிலுக்கும் கற்றலுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை. 'வேலைக்கு உதவும்' என்ற பதிலுக்குச் சிறிதளவு இருந்தது. ஆகவே "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்பதைவிட, "இன்று பழகியதில் எதை அடுத்த களப்பயிற்சியில் செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

'நிஜம் போல இருந்ததா' என்ற கேள்வியிலும் கவனம் வேண்டும். 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா உருவாக்கிய சிம்நெட் என்ற பயிற்சி அமைப்பில் டாங்கி சிமுலேட்டர்களை வலைப்பின்னலில் இணைத்தார்கள். குழுவாகப் போரிடப் பழக்குவதுதான் நோக்கம். அதற்குத் தேவையில்லாத கருவிகளையெல்லாம் அச்சு அசலாக வைக்கவில்லை. நிஜத்தன்மைக்கு மட்டும் மதிப்பெண் கேட்டிருந்தால் அது பாவம், தோற்றுப்போயிருக்கும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிமுலேட்டர் குமட்டல். கண் அசைவைப் பார்க்கிறது, சமநிலையை உணரும் உள்காதோ அசைவில்லை என்கிறது. அந்த முரணில் தலைசுற்றலும் கண்வலியும் வருகின்றன. 1957இலேயே ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் இது பதிவானது. அனுபவமுள்ள விமானிகளுக்கு இது அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உண்மையான விமானம் எப்படி அசையும் என்று அவர்கள் உடலுக்குத் தெரியும் அல்லவா! ஆகவே மூத்த விமானி குறைந்த மதிப்பெண் போட்டால், புதுமை பிடிக்காதவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆய்வாளர் ராபர்ட் எஸ். கென்னடி குழு (அரசியல்வாதி கென்னடி அல்ல) 1993இல் வெளியிட்ட சிமுலேட்டர் குமட்டல் வினாப்பட்டியலில் 16 அறிகுறிகள் உண்டு. அதைத் தனியாக நிரப்பச் சொல்லுங்கள், திருப்திக் கேள்விகளோடு கலக்காதீர்கள். சிலருக்குத் தொந்தரவு மணிக்கணக்கில் நீடிக்கும். இறங்கியதும் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கேட்பது நல்லது.

நிரப்பிய படிவத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். மேலதிகாரி எதிரில் நிற்கும்போது எந்த ஜவான் 'உபயோகமில்லை' என்று எழுதுவார்? பெயரும் பதவியும் வேண்டாம், ஒரு குறியீட்டு எண் போதும். அந்த எண்ணை வைத்துச் சிமுலேட்டரில் பதிவான சுடுதல், தாமதம், தவறவிட்ட இலக்கு எல்லாவற்றோடும் ஒப்பிடலாம். படிவத்தைப் பிரித்துப் படிப்பவர் அந்த வீரருடைய கட்டளை வரிசையில் இல்லாதவராக இருக்கட்டும். களப்பயிற்சிக்குப் போய் வந்த பிறகு அதே கேள்விகளை இன்னொரு முறை கேளுங்கள். முதல் நாள் பதிலிலிருந்து எங்கே மாறியிருக்கிறதோ, அந்தப் பயிற்சிப் பகுதியை முதலில் எடுத்துப் பாருங்கள்.