தோள்பட்டைக்குக் ‘கரண்ட்’ வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளி ஆசிரியை. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு மாதமாக வலது தோளில் வலி. போர்டில் எழுதக் கை எழும்பவில்லை. தலை பின்னவோ பின்பக்கம் புடவையைச் செருகவோ முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார்கள். பத்து சிட்டிங் பிசியோதெரபி போனேன். கரண்ட் வைத்து, சுவரில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். வேறு இடம் பார்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் பாருங்கள். கரண்ட் வைப்பது கொஞ்ச நேரத்துக்கு வலியை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல், தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருப்பது. அதை மெஷின் தளர்த்தாது. சக்கரம் சுற்றும்போதும் தோள்பட்டையைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து ஒப்பேற்றிவிடுவோம். மூட்டு அசையவே அசையாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

புது இடத்தின் தரம் முதல் நாளே தெரிந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த நோயில் முதலில் பறிபோவது அந்த அசைவுதான். நீங்களாகத் திருப்பும்போது எவ்வளவு, பிசியோதெரபிஸ்ட் பிடித்துத் திருப்பும்போது எவ்வளவு என்று கோணமானி வைத்து அளந்து எழுத வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் தட்டி நின்றால் உறை இறுக்கம். அவர் தூக்கினால் கை முழுதாகப் போகிறது, நீங்கள் தூக்கினால் போகவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், வைத்தியமே வேறு. கழுத்தையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் நேரே கட்டிலில் படுக்கவைத்து ஒயரை ஒட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: ஒரே நேரத்தில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? தினமும் அதே ஆள்தானா? கையால் எத்தனை நிமிடம்? அரை மணி நேரத்தில் இருபது நிமிடமாவது அவர் கை உங்கள் தோளில் இருக்க வேண்டும். பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்பதையும் கேட்கலாம், தப்பில்லை, அதன் மேற்படிப்பான எம்.பி.டி.யில் எலும்பு–மூட்டுப் பிரிவு படித்தவர் என்றால் இன்னும் நல்லது. இருபது, முப்பது சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆறு சிட்டிங் முடிந்ததும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், ஆனாலும் அளவெடுத்து வீட்டுப் பயிற்சி கற்றுக்கொண்டு வர வாரம் ஒருமுறை போனாலே போதும்.

ஏனென்றால் பாதி வேலை வீட்டில்தான். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு நிமிடம், தினமும் மூன்று வேளை. அடுத்து, மல்லாந்து படுத்து, மடித்த துண்டை முழங்கைக்கு அடியில் வைத்து, இரு கையாலும் ஒரு குச்சியைப் பிடியுங்கள். நல்ல கையால் குச்சியைத் தள்ளி, வலிக்கும் முன்கையை வெளிப்பக்கம் சாயவிட்டு 20 வினாடி நிறுத்துங்கள். ஐந்து முறை. அப்போது முழங்கை விலாவை விட்டு விலகினால் பயன் இல்லை. முன்னதாகப் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரையால் தோலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். மற்றவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி வையுங்கள்.

பயிற்சிக்குப் பின் வலி அரை மணிக்குள் அடங்கினால் சரி. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் காலையிலும் இருந்தால் அளவு மீறிவிட்டது. ‘பல்லைக் கடிச்சுக்கோங்கம்மா’ என்று முறுக்கி இழுப்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். வலி அதிகமாக உள்ள இந்தக் கட்டத்தில் அது வீக்கத்தைத்தான் கூட்டும்.

தூங்கவே முடியாத வலி என்றால், மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். வலி குறைந்தால் பயிற்சியும் ஏறும். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும் என்பதால் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கை முழுதாகத் திரும்ப ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். ‘பத்தே சிட்டிங்கில் சரியாகிவிடும்’ என்று எந்த இடத்தில் சொன்னாலும் நம்பாதீர்கள்.